கதையில் வராத கணக்கு

தமிழில் 'பாகப் பிரிவினை' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் காட்சி என்ன? அண்ணன் தம்பிகள் இருவர், நடுவே ஊர்ப் பெரியவர் ஒருவர், முற்றத்தின் குறுக்கே புதிதாக எழும்பும் ஒரு சுவர். 1959-ல் அந்தப் பெயரோடு வந்து வெற்றி பெற்ற சினிமாவும் அண்ணன் தம்பி குடும்பத்தைப் பற்றியதுதான். புருஷனும் பெண்டாட்டியும் பாகம் பிரித்துக் கொண்டார்கள் என்று யாராவது சொன்னால் கேட்கிறவர் ஒரு நிமிஷம் விழிப்பார். அவர்களுக்குள் ஏது பாகம்? அவர்கள் பிரிந்தால் அதற்கு நாம் வைத்திருக்கும் சொல்லே வேறு: ஜீவனாம்சம். ஜீவன் கிடப்பதற்கு ஓர் அம்சம். தம்பிக்குக் கிடைப்பது பங்கு. மனைவிக்குக் கிடைப்பது படி.

இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் உள்ள தூரத்தில்தான் நம்முடைய கதை இலக்கியத்தின் ஒரு குறை ஒளிந்து கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் கதாசிரியர்கள் தம்பதிகளைப் பிரிப்பதில் சமர்த்தர்கள். மழை பெய்கிற இரவிலும், ரயில்வே பிளாட்பாரத்திலும், பாதி திறந்த கதவருகிலும் அவர்கள் பிரித்து வைத்த தம்பதிகள் கொஞ்சமல்ல. பிரித்த பிறகு என்ன ஆகிறது என்று கேட்டால்தான் அவர்களுக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. ரயில் புறப்பட்டுவிட்டது, கதையும் முடிந்துவிட்டது. ஜன்னலோரத்தில் தாயின் மடியில் தூங்குகிற குழந்தைக்கு ஜூன் மாதம் பள்ளிச் சம்பளம் யார் கட்டுவார்கள்? அவளுடைய பதினைந்து பவுன் எந்தப் பாங்கியில் யார் பெயரில் அடகு கிடக்கிறது? இருவருமாக வயிற்றைக் கட்டி வாங்கிய அந்த ஓட்டு வீட்டின் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது? கேட்டால், "அதெல்லாம் வக்கீல் குமாஸ்தாவின் வேலை, எங்கள் வேலை இருதயம்" என்கிறார்கள்.

அந்த மூன்று கேள்விகளுக்குள்ளும் இருதயம் இருக்கிறது என்பது என் கட்சி.

நம்முடைய பழைய ஆசிரியர்களுக்கு இந்தக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. நளன் கதையை எடுத்துக் கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் நளவெண்பா படித்த எல்லோருக்கும், நளன் தமயந்தியைக் காட்டில் விட்டுப் போனது நினைவிருக்கும். அதற்கு முன்னால் நடக்கிற இரண்டு காரியங்களை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். முதலாவது குழந்தைகள் விஷயம். நாட்டைச் சூதில் இழந்து தெருவுக்கு வந்த நளன், பிள்ளைகளை அழைத்துக் கொண்டு உன் தகப்பனார் வீட்டுக்குப் போ என்கிறான். அவள் கணவனை விட்டுப் போக மறுக்கிறாள். கடைசியில் குழந்தைகளை மட்டும் தாத்தா வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார்கள். இரண்டாவது சொத்து விஷயம். அப்போது அவர்களிடம் மிஞ்சியிருந்தது உடுத்தியிருந்த ஒரே துணி. இருவர் உடம்பையும் சுற்றியிருந்த அந்தத் துணியை இரண்டாக அறுத்து, பாதியை எடுத்துக் கொண்டு இருட்டில் நடக்கிறான் நளன். அறுத்த வாளாக வந்து நின்றது கலி என்கிறார் புகழேந்தி.

பிள்ளைகள் தாத்தா வீட்டில். துணி ஆளுக்குப் பாதி. தம்பதிகளின் பாகப் பிரிவினையை இதைவிடச் சுருக்கமாக எழுதியவர்கள் யார்? அந்தப் பாதித் துணி இல்லாவிட்டால் நளன் வெறும் கோழை. அது இருப்பதனால்தான் பாதியாவது அவளுக்கு விட்டுப் போகிற கோழை ஆகிறான். அவன் குணம் முழுவதும் அந்தத் துணியின் அளவில் இருக்கிறது.

சிலப்பதிகாரத்துக்கு வருவோம். அதுவும் ஒரு பிரிவுக் கதைதான். கோவலன் மாதவியை அடைந்த விலையை இளங்கோவடிகள் மறைக்கவில்லை. ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். தொகையைச் சொல்லிவிட்டுத்தான் காதலைச் சொல்கிறார். பிறகு ஒருநாள் கோவலன் வெறுங்கையோடு கண்ணகியிடம் திரும்பி வருகிறான். குலத்தார் தேடி வைத்த மலை போன்ற செல்வம் தொலைந்துவிட்டது, வெட்கமாக இருக்கிறது என்கிறான். கண்ணகி என்ன சொல்கிறாள்? சிலம்பு இருக்கிறது, எடுத்துக் கொள்ளுங்கள் என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கப் பணம் போதாமல் வந்து நிற்கிறான் என்று அவள் எண்ணிக் கொண்டாள் என்பது உரைகாரர்கள் சொல்லும் பொருள். அவ்வளவு நாள் தனியே கிடந்தவளின் முதல் வார்த்தையில் அழுகை இல்லை, சிணுங்கல் இல்லை. வீட்டில் கையிருப்பு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும், அதைச் சொல்கிறாள். அந்த ஒரு வரவு செலவுப் பேச்சில் அவளுடைய தனிமைக் காலம் முழுவதும் தெரிந்துவிடுகிறது.

பாண்டியன் சபையில் நடப்பதையும் பாருங்கள். கண்ணகி அங்கே ஜெயித்தது கற்பின் வலிமையால் என்று மேடைகளில் முழங்குகிறோம். சபையில் நடந்தது என்ன? என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். உடைத்துப் பார்த்தார்கள், மாணிக்கம் தெறித்தது. தன் பொருளைத் தன் பொருள் என்று சாட்சியோடு நிரூபித்துத்தான் அவள் வழக்கை ஜெயித்தாள். தெய்வமாவதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு கணக்கு மட்டும் அந்தக் காவியத்திலும் தீராமல் நிற்கிறது. அது குழந்தையின் கணக்கு. மணிமேகலைக்குப் பெயரிட்ட நாளில் கோவலன் பொன்னை மழையாகப் பொழிந்தான் என்று மாடலன் பின்னால் நினைவு கூர்கிறான். பிரிந்து மதுரைக்குப் போகும் வழியில் மாதவியின் கடிதம் கோவலன் கைக்கு வருகிறது. என் பிழை என்ன என்று கேட்கும் உருக்கமான கடிதம். குழந்தையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. கோவலனோ அந்த ஓலையில் உள்ள வாசகம் தன் பெற்றோருக்குத் தான் எழுதுவதற்கும் பொருந்துகிறது என்று அதையே அவர்களுக்கு அனுப்பிவிடுகிறான். குழந்தை ஞாபகம் அவனுக்கு வருவது ஒரு கனவில்தான். மாதவி அவளைப் போதியின் கீழ் அமர்ந்தவனிடம் ஒப்படைப்பதாகக் காண்கிறான். பெயர் சூட்டப் பொன்மழை. பிரிந்த பிறகு ஒரு கனவு. தகப்பன்மார்களில் ஒரு ரகத்தை இளங்கோவடிகள் இத்தனை அமைதியாகக் காட்டியிருக்கிறார்! குழந்தை விடுபட்டுப் போனது தெரியும்படி எழுதியிருக்கிறார் என்றுதான் நான் வாசிக்கிறேன். அந்த விடுபட்ட கணக்கிலிருந்து இன்னொரு காவியமே பிறந்தது.

இங்கிருந்து சேக்கிழாருக்குப் போகலாம். சிதம்பரத்து ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியது பெரிய புராணம். அதில் வரும் காரைக்கால் அம்மையாரின் கதையும் ஒரு பிரிவுக் கதை. சேக்கிழாரும் கணக்கை விடவில்லை. நாகப்பட்டினத்து வணிகர் மகன் பரமதத்தன். ஒரே மகளைப் பிரிய மனமில்லாத தனதத்தன் அவர்களைக் காரைக்காலிலேயே தனி வீட்டில் குடிவைத்து நிறையச் செல்வமும் கொடுக்கிறார். மாங்கனி அற்புதத்துக்குப் பிறகு அஞ்சிப் போன பரமதத்தன் கப்பலேறிப் போய்ப் பாண்டி நாட்டில் வேறு மணம் செய்து கொள்கிறான். பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். உறவினர் அம்மையாரைச் சிவிகையில் அழைத்து வந்தபோது மனைவியோடும் மகளோடும் அவர் காலில் விழுகிறான். அம்மையார் உடம்பையே உதறிவிட்டுப் போகிறார்.

பக்தி இலக்கியமாக அந்த இடம் மிகவும் உயர்ந்தது. அதில் நான் கை வைக்க வரவில்லை. ஆனால் அந்தக் காட்சியை எடுத்துக் கொண்டு வந்து சமூகக் கதைகளில் நட்டுவிட்டார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஆட்சேபணை. கைவிட்டுப் போன கணவன் பத்து வருஷம் கழித்து வருகிறான், "நீ தெய்வம்" என்று காலில் விழுகிறான், கதை முடிகிறது, வாசகர் கண்ணைத் துடைத்துக் கொள்கிறார். பத்து வருஷத்து அரிசிக்கும் பிள்ளையின் புஸ்தகத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்க முடியாது. மனுஷிக்குத்தான் ஜீவனாம்சம், தெய்வத்துக்கு எதற்கு? மனைவியைத் தெய்வமாக்குவதைப் போல மலிவாகக் கணக்குத் தீர்க்கும் வழி வேறொன்று இல்லை. நம் கதைகளில் எத்தனை கணவர்கள் இந்த வழியில் கடன் தீர்த்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் திகைப்பாக இருக்கும்.

சிதம்பரத்துக்கு வடக்கே வெள்ளாற்றைத் தாண்டினால் புவனகிரி. ராகவேந்திர சுவாமிகள் பிறந்த ஊர் என்று யாத்திரீகர்கள் வருகிற ஊர். பூர்வாசிரமத்தில் அவர் வேங்கடநாதர்; மனைவியும் பாலகனான ஒரு மகனும் உண்டு. 1621-ல் தஞ்சாவூரில் அவர் சந்நியாசம் ஏற்றார். அதற்கு முன் தயங்கினார் என்றும், பையனுக்கு உபநயனம் செய்து வைத்த பிறகே துறந்தார் என்றும் சம்பிரதாயம் சொல்கிறது. அந்த அம்மாளின் முடிவு துயரமானது என்றும் அதே சம்பிரதாயம் மறைக்காமல் சொல்கிறது. உலகத்தையே விடப் போகிற ஒருவர் மகனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போனார் என்பதைச் சொல்லி வைக்க வேண்டும் என்று பக்தர்களுக்கே தோன்றியிருக்கிறது. கதை கேட்கிற பாட்டிமார் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். பாட்டிமார் கேட்டதைப் பத்திரிகை வாசகர்கள் ஏன் கேட்காமல் விட்டார்கள்?

அச்சு யந்திரம் வந்து நாவல் பிறந்த காலத்தைப் பார்ப்போம். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது 1879-ல். எழுதியவர் வேதநாயகம் பிள்ளை. அவர் யார்? தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய இடங்களில் முன்சீபாக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து வெளியிட்டவர். பெண் கல்விக்காக நூல் எழுதியவர். கொள்ளிடத்துக்குத் தெற்கே நடக்கிற வீட்டுச் சண்டைகளும் நிலச் சண்டைகளும் தினமும் அவர் மேஜைக்கு வந்திருக்கும். அப்படிப்பட்டவர் நாவல் எழுத உட்கார்ந்ததும் கணவன் மனைவி பிரிவு ஒரு சாகசமாகிவிடுகிறது. ஞானாம்பாள் ஆண் வேஷம் பூண்டு அரசாளுகிறாள். வாசிக்க வெகு ரசமாக இருக்கிறது. முன்சீபின் நகைச்சுவை வந்தது, நீதிபோதனை வந்தது. பேரேடு மட்டும் கச்சேரியிலேயே தங்கிவிட்டது. புதிதாகப் பிறந்த ஒரு கலை முதலில் விளையாடத்தான் செய்யும். அவரைக் குறை சொல்வது நன்றி கெட்ட காரியம். ஆனால் அந்த விளையாட்டையே நாம் வெகு காலம் தொடர்ந்து விட்டோம்.

அதே 1879-ம் வருஷம் டிசம்பரில் கோபன்ஹேகனில் ஒரு நாடகம் அரங்கேறியது. இப்ஸனுடைய 'பொம்மை வீடு'. நோரா கணவனை விட்டு வெளியேறிக் கதவைச் சாத்துகிற கடைசிக் காட்சியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த நாடகத்தின் எலும்பு என்ன? ஒரு கடன் பத்திரம். கணவனின் உடம்புக்காக நோரா ரகசியமாகக் கடன் வாங்கியிருக்கிறாள். தகப்பனார் கையெழுத்தைத் தானே போட்டிருக்கிறாள். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தும் எழுத்து வேலை செய்தும் தவணை கட்டி வந்திருக்கிறாள். போகும்போது மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கிறாள். கணவன் பணம் அனுப்பட்டுமா என்றால் வேண்டாம் என்கிறாள். குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிறாள். கடன், மோதிரம், பணம், குழந்தை - நான்கு கணக்கும் மேடையில் தீர்க்கப்படுகின்றன. அதற்குப் பிறகுதான் கதவுச் சத்தம். நம்மவர்கள் சத்தத்தை மட்டும் இறக்குமதி செய்து கொண்டார்கள்.

நம் காலத்துக்கு வந்தால், கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனைச் சொல்லாமல் முடியாது. தம்பதிகள் பிரிவதைப் பற்றி நேர்மையாக எழுதப்பட்ட தமிழ் நாவல்களில் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' முன்வரிசையில் நிற்பது. கல்யாணியும் ரங்காவும் சண்டை போடாமல் பிரிய முயல்கிறார்கள். வெறுப்பில்லாமலும் இருவர் பிரியலாமா என்று சட்டத்தையே கேட்கிறது அந்த நாவல். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கல்யாணி நாடக நடிகை. தன் சம்பாத்தியத்தில் நிற்கிறவள். இருவருக்கும் சேர்ந்து குழந்தை இல்லை. இருதயத்தின் நியாயத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஆசிரியர் மற்ற பாரங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டார். அது அவருடைய உரிமை. சம்பாத்தியம் இல்லாத ஒரு கல்யாணியை, இடுப்பில் ஒரு குழந்தையோடு, கணவன் பெயரில் உள்ள வீட்டில் நிறுத்தி வைத்து, அதே நேர்மையோடு எழுத வேண்டியது அடுத்து வருகிறவர்களின் கடமை. அந்த இடம் இன்னும் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது.

அந்தக் காலி இடம் எத்தனை பெரியது என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் புவனகிரியில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கே கைத்தறி நெசவு உண்டு. பக்கத்துத் திண்ணையில் ஒரு பஞ்சாயத்து நடந்து கொண்டிருந்தது. கணவனுக்கும் மனைவிக்கும் ஒத்துவரவில்லை. எட்டு வயசுப் பெண் ஒருத்தி. பெரியவர் ஒருவர், தறி அவனோடது, பெண்ணைத் தாய் வளர்க்கட்டும், மாசாமாசம் ஏதோ கொடுத்துவிடட்டும் என்று சொல்லி எழுந்திருக்கப் போனார்.

அந்த அம்மாள் தூணோரம் நின்றபடியே சொன்னாள்: "தறி அவரோடதுதான் மாமா, இல்லேங்கல. பதினோரு வருஷமா தார் சுத்தினது யாரு?"

பெரியவர் மறுபடி உட்கார்ந்தார். "அதுக்கென்னம்மா இப்ப?"

"தார் இல்லாம நாடா ஓடுமான்னு நீங்களே சொல்லுங்க. உங்க வீட்டிலேயும் தறி இருக்கே."

நெசவு தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். குறுக்கே ஓடுகிற ஊடை நூலைச் சிறு குச்சியில் சுற்றி நாடாவுக்குள் வைப்பதுதான் தார். நெய்கிறவன் ஒருவன்; அவனுக்குத் தார் சுற்றுகிறவள் பெரும்பாலும் வீட்டிலிருக்கிற பெண். கூலி சேலைக்கு; வாங்குகிறவன் நெய்கிறவன்; தார் சுற்றியவளுக்குத் தனியாகக் கணக்கு எழுதுவதில்லை. தறியில் அப்போது ஏறியிருந்த பாவில் இரண்டு சேலை பாக்கி இருந்தது. கடைசியில் அந்த இரண்டு சேலைக் கூலியில் சரிபாதி அவளுக்கு, பெண்ணின் படிப்புச் செலவு தனியாகத் தகப்பன் பொறுப்பு என்று பேசி முடித்தார்கள். யாரும் அழவில்லை. அந்த மனுஷனும் கெட்டவனாக எனக்குத் தெரியவில்லை. தார் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவன் தலை குனிந்ததைப் பார்த்தேன். பதினோரு வருஷத்துத் தாம்பத்தியம் என்ன என்பதை அந்தக் குனிந்த தலை சொல்லிற்று.

தறிக்குச் சொன்னதைத்தான் 2023 ஜூன் 21-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் வீட்டுக்குச் சொன்னது. கணவர் பல வருஷம் வெளிநாட்டில் வேலை பார்த்தவர்; மனைவி இங்கே பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக் கொண்டாள்; சொத்துகள் வாங்கப்பட்டன. திரும்பி வந்த கணவர் எல்லாம் என் சம்பாத்தியம் என்று வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே அவர் இறந்துவிட, பிள்ளைகள் தாய்க்கு எதிரே நின்று நடத்தினார்கள். நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வீட்டைப் பார்த்துக் கொள்கிறவளின் உழைப்பு இல்லாவிட்டால் கணவன் வெளியே போய்ச் சம்பாதித்திருக்க முடியாது என்றார். மனைவியின் உழைப்பை இப்படி அங்கீகரிக்கத் தனிச் சட்டம் இதுவரை இல்லை, ஆனால் அங்கீகரிக்கக் கூடாது என்றும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்றார். இருவர் உழைப்பாலும் சேர்ந்த சொத்தில் மனைவிக்குச் சமபங்கு கொடுத்தார். பெற்ற பிள்ளைகளே எதிர்க்கட்சியாக நிற்க, தன் வீட்டில் தனக்குப் பாதி உண்டு என்று சொல்லப் போராடிய ஒரு தாய்! எந்த நாவலாசிரியன் இதைக் கற்பனை செய்தான்?

சட்டத்தின் கதையே ஒரு விதத்தில் நம் கதைகளின் கதைதான். 1955-ம் வருஷத்து ஹிந்து திருமணச் சட்டம் விவாகரத்துக்கு வழி செய்தது. சொத்தைப் பொறுத்தவரை, கல்யாண சமயத்தில் தம்பதிகள் இருவருக்கும் பொதுவாக வந்த பொருளைப் பற்றித்தான் அதன் 27-வது பிரிவு பேசுகிறது. பிறகு இருவருமாகச் சேர்த்த வீட்டைப் பற்றி மௌனம். 1956-ம் வருஷத்து ஜீவனாம்சச் சட்டம் குழந்தையைக் காப்பாற்றும் பொறுப்பைத் தாய் தகப்பன் இருவர் மேலும் வைத்தது. 1973-ல் எழுதப்பட்டு மறு வருஷம் அமலுக்கு வந்த குற்ற விசாரணைச் சட்டத்தின் 125-வது பிரிவில், கைவிடப்பட்ட மனைவிக்கும் குழந்தைக்கும் மாஜிஸ்திரேட்டு விதிக்கக் கூடிய படி மாதம் 500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. அந்த உச்சவரம்பு 2001 வரை நீங்கவில்லை. 1974-ல் 500 ரூபாய்க்கு ஏறக்குறைய ஒன்றேகால் பவுன் தங்கம் வாங்கலாம்; 2001-ல் அதே பணத்துக்கு ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாகக் கிடைத்திருக்கும். சட்டப் புஸ்தகத்தில் ஓர் எண் அசையாமல் உட்கார்ந்திருந்த அந்த இருபத்தேழு வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகியிருப்பார்கள்! அந்தப் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144-வது பிரிவாக இருக்கிறது.

2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு காரியம் செய்தது. ஜீவனாம்ச வழக்கில் கணவனும் மனைவியும் தங்கள் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாண பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனுப் போட்ட நாளிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்று சொல்லிற்று. அந்தப் பத்திரத்தின் கேள்விகளைக் கதை எழுதுகிற ஒவ்வொருவரும் ஒரு தரம் வாசிக்க வேண்டும். வாடகை எவ்வளவு, குழந்தையின் படிப்புக்கு எவ்வளவு, வைத்தியத்துக்கு எவ்வளவு, யார் யார் உன்னை நம்பியிருக்கிறார்கள்? ஒவ்வொரு கேள்வியும் ஓர் அத்தியாயம். அதில் ஒரு மனிதன் எழுதுகிற பொய்யும் விடுகிற மௌனமும் அவனுடைய காதல் கடிதங்களில் கூடத் தெரியாத விஷயங்களைச் சொல்லிவிடும்.

"கணக்கு கலையாகுமா?" என்று ஒரு கேள்வி எழும். கலையாகும்படி எழுதினால் ஆகும். ஒரு தகப்பன் மாதம் தவறாமல் பள்ளிச் சம்பளம் கட்டுகிறான். ஆனால் பெண் புதுச் செருப்புக் கேட்டு எழுதினால் பதில் எழுதுவதில்லை. ஏன்? சம்பளத்துக்கு ரசீது உண்டு, கோர்ட்டில் காட்டலாம்; செருப்புக்கு ரசீது கிடையாது. இன்னொருத்தி ஜீவனாம்சப் பணத்தைத் தொடாமல் பெண் பெயரில் பாங்கியில் போட்டு வைத்து, தான் தையல் தைத்துச் சாப்பிடுகிறாள். அது வைராக்கியமா, வீம்பா, பயமா? இந்த இடங்களில் இருதயம் இல்லை என்று யார் சொல்வார்கள்? நடுத்தரக் குடும்பங்களில் அன்பும் வெறுப்பும் பெரும்பாலும் ரூபாய் அணா பைசாவாகத்தான் கைமாறுகின்றன. நம் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரியும். கதையில் மட்டும் தெரியாதது போல நடிக்கிறோம்.

எழுதுவதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்கிறேன். கரோலின் நார்ட்டன் என்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளர். 1836-ல் கணவனோடு பிரிவு முற்றியபோது மூன்று ஆண் குழந்தைகளையும் கணவன் எடுத்துக் கொண்டான். தாய்க்கு உரிமை என்று அந்நாட்டுச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. அவர் எழுதிச் சம்பாதித்த பணம் கூடச் சட்டப்படி கணவனுடையது. அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. தன் குழந்தைகளின் கணக்கையும் தன் பணத்தின் கணக்கையும் துண்டுப் பிரசுரமாக எழுதினார். 1839-ல் பார்லிமெண்டு, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தன்னிடம் வைத்துக் கொள்ளத் தாய் மனுச் செய்யலாம் என்று சட்டம் இயற்றியது. அவருடைய நாவல்களை இன்று வாசிப்பவர் குறைவு. அந்தப் பிரசுரங்களால் தாயிடம் வளர்ந்த குழந்தைகள் எத்தனை பேரோ!

எல்லோரும் பிரசுரம் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கதையே எழுதுங்கள். பிரிவை எழுதுகிறபோது பெட்டியைத் திறந்து பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தரம் பாருங்கள். குழந்தை எந்த வகுப்பு, அதற்கு என்ன செலவு என்று தெரிந்து கொண்டு பேனாவை எடுங்கள். அது கதையில் ஒரு வரியாக வரலாம், வராமலும் போகலாம். ஆசிரியனுக்குத் தெரிந்திருந்தால் பாத்திரங்களின் குரல் மாறிவிடும். அழுகிற பெண் அழுகையை நிறுத்திவிட்டு என்ன சொல்வாள் என்பது அப்போதுதான் கேட்கும்.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த வாரப் பத்திரிகையில் ஒரு கதாநாயகி குழந்தையைத் தூக்கிக் கொண்டு ரயிலேறினால், கண்ணீர் விடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. துடைத்துக் கொண்ட பிறகு ஆசிரியருக்கு ஒரு கார்டு எழுதிக் கேளுங்கள்: "ஐயா, அந்தக் குழந்தைக்கு யார் பணம் அனுப்புகிறார்கள்?" பத்துப் பேர் கேட்டால் போதும், பதினோராவது கதை வேறு மாதிரி எழுதப்படும்.